மூணு பேர்னா மூணு ஆளா, மூணு பெயரா?

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

இந்த எபிசோடை சென்னையில உட்கார்ந்து பேசல. பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்த இடத்துல, மொட்டை மாடியில மைக்கை வச்சுப் பேசிட்டு இருக்கேன். ஊர் பாபநாசம். அருவி இருக்கற திருநெல்வேலி பாபநாசம் இல்ல. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல, குடமுருட்டி ஆத்தங்கரையில இருக்கற எங்க பாபநாசம். பின்னாடி அறுப்பு மெஷின் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, சம்பா அறுவடை நேரம்.

இந்தத் தடவை தலைப்பு நான் தேடிப் பிடிச்சது இல்ல. ஒரு கல்யாணப் பத்திரிகையில இருந்து வந்துச்சு.

என்கூடப் பத்தாவது வரைக்கும் படிச்ச நண்பனுக்குக் கல்யாணம். அவன் வீடும் கிறிஸ்தவ வீடு, பொண்ணு வீடும் கிறிஸ்தவ வீடு. ரெண்டுமே பெந்தெகொஸ்தே சபை. ரெண்டு பக்கமும் சந்தோஷமாத்தான் பேசி முடிச்சாங்க. பத்திரிகை அடிக்கப் போன அன்னைக்குத்தான் பிரச்சினை. நம்ம ஊர்ப் பத்திரிகையில உச்சியில ஒரு வரி இருக்கும் இல்லையா, பிள்ளையார் துணை மாதிரி? அந்த வரியில என்ன போடறது? மாப்பிள்ளை வீட்டுல பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணு பேரையும் போடணும்னாங்க. பொண்ணோட அப்பா, இயேசு கிறிஸ்துவின் நாமம் ஒண்ணு போதும், வேற எதுவும் வரக்கூடாதுன்னார்.

ஒரு வரிதானே, மாத்திக்கலாம்னு நான் நினைச்சேன். ஆனா அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டு பாஸ்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார். பொண்ணு எந்த நாமத்துல ஞானஸ்நானம் எடுத்துச்சு? நாலு வருஷம் முன்னாடி, குடமுருட்டியில தண்ணி போற மாசத்துல, இயேசுவின் நாமத்துல மட்டும் எடுத்திருக்கு. அப்படின்னா அது செல்லாது, கல்யாணத்துக்கு முன்னாடி மறுபடியும் எடுக்கணும்னு பாஸ்டர் சொல்லிட்டார்.

பொண்ணோட அப்பா என்கிட்ட சொன்னது இதுதான். "தம்பி, அன்னைக்கு எம் பொண்ணு அழுதுகிட்டே ஆத்துல எறங்குச்சு. அது செல்லாதுன்னா அந்த அழுகையும் செல்லாதா?"

அன்னைக்கு ராத்திரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில நண்பன் கேட்டான். "மாப்ள, நீதான் கண்டதையும் படிச்சு எபிசோடு போடுவியே. இதுல யாருடா கரெக்ட்?"

நான் கிறிஸ்தவன் இல்ல. யார் கரெக்ட்னு தீர்ப்பு சொல்ற இடத்துல நான் இல்ல. ஆனா சண்டை எதைப் பத்தினதுன்னு படிச்சுச் சொல்ல முடியும். வெளியில இருந்து பார்க்கற நம்மளை மாதிரி ஆளுங்க நினைக்கறது, 'மூணு எப்படிடா ஒண்ணாகும், கணக்கே தப்பா இருக்கே'ன்னு. படிச்சப்பறம் எனக்குத் தெரிஞ்சது, இது கணக்குச் சண்டையே இல்ல.

ஒரு தமிழ் வார்த்தைக்குள் மொத்தச் சண்டையும்

தமிழ்ல 'மூணு பேர்'னு சொன்னா ரெண்டு அர்த்தம் இருக்கு. 'வீட்டுக்கு மூணு பேர் வந்தாங்க'ன்னா மூணு ஆள். 'அவனுக்கு மூணு பேர், வீட்டுல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு'ன்னா மூணு பெயர், ஆள் ஒருத்தன்தான்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. இது மூணு ஆளா, மூணு பெயரா? ஆள்தான், ஆனா கடவுள் ஒருவர்தான்னு சொல்றது திரித்துவம். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாம் இந்தப் பக்கம். பெயர்தான், ஆள் ஒருவரே, அவர் இயேசுன்னு சொல்ற சபைகளைப் பொதுவா 'ஜீசஸ் ஒன்லி'ன்னு கூப்பிடுவாங்க. பொண்ணு வீடு இந்தப் பக்கம். மூணாவதா, பிதா மட்டும்தான் கடவுள், இயேசு அவர் அனுப்பினவர், கடவுளுக்குச் சமமானவர் இல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. யூனிட்டேரியன், யெகோவாவின் சாட்சிகள் எல்லாம் வேற வேற வழியில அந்தப் பக்கம்.

மூன்று நிபந்தனைகள்

இதை எனக்குப் புரியற மொழிக்கு மாத்திப் பார்த்தேன். பழைய கிறிஸ்தவங்க கையில மூணு ரிக்வயர்மென்ட் இருந்துச்சு.

ஒண்ணு, கடவுள் ஒருவர்தான். இது யூதர்கள்கிட்ட இருந்து வந்தது. இயேசுவே யூதர்தான், இதுல அவங்க விட்டுக்கொடுக்கத் தயாரா இல்ல.

ரெண்டு, இயேசுவை வணங்கறோம், அவர்கிட்ட ஜெபிக்கறோம். கடவுளுக்குச் செய்யறதை அவருக்குச் செய்யறோம்.

மூணு, அந்த இயேசு பிதாகிட்ட ஜெபிச்சார். தனக்குத்தானே பேசிக்கல. அப்படின்னா பிதா வேற, இவர் வேற.

எதுவாச்சும் ரெண்டை எடுத்துக்கோங்க, சுலபமாச் சேர்ந்துடும். மூணையும் சேர்க்கும்போதுதான் சிஸ்டம் முரண்டு பிடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு கேப் தியரம் ஞாபகம் வரும். அங்கேயும் மூணுல ஒண்ணை விட்டுக்கொடுத்தாத்தான் மத்த ரெண்டும் கிடைக்கும்.

முதல் நிபந்தனையை விட்டா பல தெய்வங்கள். அதுக்கு யாரும் ஒத்துக்கல. ரெண்டாவதைத் தளர்த்தினா, இயேசு உயர்ந்தவர், ஆனா கடவுள் இல்லைன்னு ஆகும். மூணாவதைத் தளர்த்தினா, பிதாவும் இயேசுவும் ஒரே ஆள், பெயர்தான் வேறன்னு ஆகும். திரித்துவம் மூணையும் விடமாட்டேன்னு சொல்லுது. அதுக்குக் கொடுக்கற விலை, புரியாமை. எங்களால முழுசா விளக்க முடியாதுன்னு அவங்களே ஒத்துக்கறாங்க. விளக்கம் சுலபமா வந்துட்டா, ஏதோ ஒரு நிபந்தனை கைநழுவிடுச்சுன்னு அர்த்தம்.

இதுக்கு நல்ல உதாரணம், ஞாயிறு பள்ளியில சொல்லிக் கொடுக்கற தண்ணீர் உவமை. தண்ணி, ஐஸ், ஆவி. மூணு வடிவம், பொருள் ஒண்ணு. தமிழ்ல நீராவியும் ஆவி, பரிசுத்த ஆவியும் ஆவி. அதனால கேட்கறதுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும். ஆனா ஒரு டம்ளர் தண்ணி ஐஸ் ஆனா, அது அப்போ தண்ணியா இருக்காது. அதாவது ஒரே ஒண்ணு மூணு நிலையில வருது. இது 'ஜீசஸ் ஒன்லி' பக்கத்து விளக்கம். ஒரே மனுஷன் மகனுக்கு அப்பா, அப்பாவுக்கு மகன், மனைவிக்குக் கணவன்னு சொல்ற உவமையும் அதேதான். திரித்துவத்தை நம்பற பாஸ்டர், தனக்கே தெரியாம எதிர்க்கட்சிக்கு வாதாடிட்டு இருப்பார்.

ஒரு எழுத்துக்கு அடித்துக்கொண்டார்கள்

இது எப்போ ஆரம்பிச்சது? கி.பி. 300களின் தொடக்கத்துல, எகிப்துல அலெக்சாந்திரியா நகரத்துல ஆரியுஸ்னு ஒரு பாதிரியார். குமாரன் பிதாவால உண்டாக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்துச்சுன்னு சொன்னார். அவர் பைத்தியக்காரர் இல்ல. பிதா என்னைவிடப் பெரியவர்னு இயேசுவே சொன்னதா யோவான் சுவிசேஷத்துல இருக்கு. அந்தக் கடைசி நாள் எப்போன்னு குமாரனுக்கே தெரியாதுன்னு மாற்கு சுவிசேஷத்துல இருக்கு. ஆரியுஸ் அதையெல்லாம் எடுத்து முன்னாடி வச்சார்.

325ல ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், இன்னைக்கு துருக்கியில இருக்கற நிசேயாவுல ஆயர்களைக் கூட்டினார். குமாரன் பிதாவோடு 'ஒரே பொருள்'னு அங்க முடிவாச்சு. கிரேக்கத்துல ஹோமோஊசியோஸ். பிறகு ஒரு சமாதானக் கட்சி வந்து, 'ஒத்த பொருள்'னு வச்சுக்கலாமேன்னாங்க. அது ஹோமோயூசியோஸ். கிரேக்கத்துல எழுதினா ரெண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், அயோட்டா. அந்த ஒரு எழுத்துக்கு அரை நூற்றாண்டு சண்டை. நிசேயா பக்கம் நின்ன அத்தனாசியுஸ் 5 தடவை நாடு கடத்தப்பட்டார். 381ல கான்ஸ்டான்டிநோபிளில் கூடின சங்கம்தான் பரிசுத்த ஆவியையும் சேர்த்து முழு வடிவம் கொடுத்துச்சு.

அட, ஒரு எழுத்துதானேன்னு சிரிக்கலாம். ஒரு செமிகோலன் இல்லாம ப்ரொடக்‌ஷன் படுத்துப் போறதைப் பார்த்த நான் சிரிக்க மாட்டேன்.

பொண்ணு வீட்டுக் கருத்தும் புதுசு இல்ல. 200களிலேயே ரோம்ல சபெல்லியுஸ் பேரோடு சேர்த்துச் சொல்லப்படற கொள்கை அது. ஒரே கடவுள், மூணு தோற்றம். அதுக்கு எதிரான பக்கம் நின்னு லத்தீன்ல எழுதின தெர்த்துல்லியன் 'பெர்சோனா'ங்கற வார்த்தையைப் பயன்படுத்தினார். இன்னைக்கு நாம 'பர்சன்'னு சொல்றது அதுல இருந்து வந்ததுதான். விஷயம் என்னன்னா, பெர்சோனாவோட பழைய அர்த்தம் நாடக முகமூடி. எங்க பாபநாசம் தாலுகாவுல மெலட்டூர்னு ஒரு ஊர், பாகவத மேளா நாடகத்துக்குப் பேர் போனது. அங்க ஒரே நடிகர் மூணு வேஷம் கட்டினா அது சபெல்லியுஸ் சொன்னது. மூணு நடிகர் வந்தா அது மூணு தெய்வம். 'வேஷம் இல்ல, ஆனா மூணு தனித்தனி ஆளும் இல்ல'ன்னு சொல்றதுக்குத் தெர்த்துல்லியன்கிட்ட சரியான வார்த்தை இல்ல. இருக்கறதுல ஒண்ணை எடுத்து வளைச்சார்.

தமிழுக்கு வந்தபோது

அதே கஷ்டம் தமிழ்லயும் வந்துச்சு. 1578ல கொல்லத்துல அச்சான 'தம்பிரான் வணக்கம்', தமிழ்ல அச்சான முதல் புத்தகங்கள்ல ஒண்ணு. அதுல கடவுளுக்கு வார்த்தை 'தம்பிரான்'. பிறகு கத்தோலிக்கர்கிட்ட 'சர்வேசுரன்' நிலைச்சது. 1706ல தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அந்த வழியிலதான் போனார். பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்புல 'பராபரன்'. 1871ல வந்த மொழிபெயர்ப்புல 'தேவன்'. இப்போ கத்தோலிக்கர் படிக்கற திருவிவிலியத்துல 'கடவுள்'. ஒவ்வொரு தடவை வார்த்தை மாறும்போதும் சண்டை வந்திருக்கு. 1800களில் ரேனியுஸ் பண்ணின புது மொழிபெயர்ப்பை, பழைய வார்த்தைகளைத் தொடாதீங்கன்னு தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கடுமையா எதிர்த்தார்.

'பெர்சோனா'வுக்கும் தமிழ் வேணும். கத்தோலிக்க ஞானோபதேசத்துல 'ஆள்'னு வச்சாங்க. புராட்டஸ்டன்ட் பக்கம் 'ஆள்தத்துவம்'. 'ஆள்'னு சொன்ன உடனே நம்ம மனசுல கையும் காலும் வச்ச மூணு உருவம் வந்துடுது. 'நாமம்'னு சொன்னா ஒருத்தரோட பெயர் வந்துடுது. விவாதம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வார்த்தை பாதித் தீர்ப்பைச் சொல்லிடுது.

திருவேங்கடம் என்கிற வில்லியம் ராபர்ட்ஸ்

இப்போ நான் சொல்லப் போற ஆள் இந்த எபிசோடுக்காகப் படிச்சப்போ கிடைச்சவர். எனக்கு இதுவரைக்கும் தெரியவே தெரியாது.

1700களின் கடைசியில திருவேங்கடம்னு ஒரு தமிழர். ஏழை. ஒரு கட்டத்துல அடிமையாவே இருந்தவர். சில காலம் இஸ்லாமியரா இருந்து, பிறகு ஆங்கிலத் திருச்சபையில ஞானஸ்நானம் எடுத்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார். வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்காரரா இங்கிலாந்து போனார். அங்க ஜோசப் பிரீஸ்ட்லி, தியோபிலஸ் லிண்ட்சி ரெண்டு பேரோட எழுத்துகள் அவர் கையில கிடைச்சுது. பிரீஸ்ட்லின்னா கெமிஸ்ட்ரி புத்தகத்துல ஆக்சிஜனோட வருவாரே, அவரேதான். அவர் ஒரு யூனிட்டேரியன் போதகரும்கூட. கடவுள் ஒருவரே, அவர் பிதா மட்டுமே, இயேசு கடவுள் அனுப்பின மனிதர்னு எழுதினவர்.

ராபர்ட்ஸ் சென்னைக்குத் திரும்பி, 1795ல இருந்து தமிழ் ஆட்களைச் சேர்த்து ஒரு சபை நடத்தினார். எந்த மிஷனரி சங்கமும் அவரை அனுப்பல. வேலைக்காரரா சம்பாதிச்சுக்கிட்டே நடத்தினார். 1813ல புரசைவாக்கத்துல ஒரு சின்ன ஆலயம் எழும்புச்சு. அதுக்கு அப்புறம்தான் லண்டன்ல இருந்த யூனிட்டேரியன்களுக்குக் கடிதம் எழுதி, இங்க நாங்க இருக்கோம்னு தெரிவிச்சார். அந்தச் சபை இன்னும் சென்னையில இருக்கு.

1813ங்கற வருஷத்தைக் கவனிங்க. திரித்துவத்தை மறுக்கறது இங்கிலாந்துச் சட்டப்படி குற்றமா இருந்துச்சு. அந்தத் தண்டனையை நீக்கற சட்டம் நிறைவேறினது அதே 1813ல. நியூட்டனே திரித்துவத்தை நம்பல, அதைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதி வச்சார், ஆனா உயிரோடு இருந்தவரை வெளியிடல. அவர் வேலை பார்த்த கல்லூரியோட பேரே டிரினிட்டி. 1553ல ஜெனீவாவுல செர்வேத்துஸ்ங்கறவரை இதுக்காகவே உயிரோடு எரிச்சாங்க. அப்பேர்ப்பட்ட விஷயத்தைப் புரசைவாக்கத்துல ஒரு வேலைக்காரர் வெளிப்படையா, தமிழ்ல சொல்லிட்டு இருந்தார்.

கல்கத்தாவுல இதே சண்டை இன்னும் பெரிசா நடந்துச்சு. 1820ல ராஜா ராம்மோகன் ராய் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்துப் புத்தகமாப் போட்டார். அற்புதங்களும் கோட்பாடுகளும் இல்லாம. செராம்பூர் மிஷனரி ஜாஷுவா மார்ஷ்மன் கொதிச்சுப் போய் பதில் எழுதினார். அந்த நேரத்துல வில்லியம் ஆடம்னு ஒரு பாப்டிஸ்ட் மிஷனரி, ராயோடு சேர்ந்து சுவிசேஷத்தை வங்காளியில மொழிபெயர்த்துட்டு இருந்தார். எல்லாம் இயேசுவால் உண்டாச்சா, இயேசு மூலமா உண்டாச்சா? 'தியா'ங்கற ஒரே ஒரு கிரேக்கச் சொல். 'மூலமா'ன்னு போட்டா, செஞ்சவர் வேற, இவர் வழி மட்டும்னு ஆகும். அந்த விவாதத்துல இருந்து ஆரம்பிச்சு, 1821ல ஆடம் யூனிட்டேரியனாவே மாறிட்டார். மதம் மாத்த வந்தவரையே மாத்திட்டாங்க. 'ரெண்டாவது தடவை விழுந்த ஆதாம்'னு அவருக்குக் கேலிப் பெயர் வச்சாங்க.

பழைய கமிட் ஒன்று

பொண்ணோட அப்பாவுக்கும் மாப்பிள்ளை வீட்டு பாஸ்டருக்கும் நடந்த பேச்சுல ஒரு வசனம் வந்துச்சு. 1 யோவான் 5:7. பரலோகத்துல சாட்சி சொல்றவங்க மூணு பேர், மூவரும் ஒண்ணுன்னு அர்த்தம் வரும். நம்ம வீடுகள்ல இருக்கற பழைய தமிழ் பைபிள்ல அது இருக்கு. பாஸ்டர் அதைக் காட்டி, இதுக்கு மேல என்ன வேணும்னார்.

அந்த வரி மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள்ல இல்ல. லத்தீன் வழியா உள்ள வந்தது. எராஸ்மஸ் 1516லயும் 1519லயும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சடிச்சப்போ அதைச் சேர்க்கல. கண்டனம் கிளம்பின பிறகு 1522 பதிப்புல சேர்த்தார். 1995ல வந்த திருவிவிலியத்துல அது இல்ல. திரித்துவத்தை முழுசா நம்பற கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் சேர்ந்து பண்ணின மொழிபெயர்ப்பு அது. அவங்களே எடுத்துட்டாங்க. எங்க நம்பிக்கை இந்த ஒரு வரியில நிக்கலைங்கறது அவங்க நிலை. அது நேர்மை.

அவங்க பக்கத்து பலமான வாதம் வேற இடத்துல இருக்கு. இயேசுவோட ஞானஸ்நானம். யோர்தான் ஆத்துல குமாரன் தண்ணிக்குள்ள நிக்கறார், பிதாவோட குரல் மேல இருந்து கேட்குது, ஆவி புறாவைப் போல இறங்குது. ஒரே நேரத்துல மூணும். வேஷம் மாத்த இடைவேளை இல்ல.

'ஜீசஸ் ஒன்லி' பக்கத்துக்கும் பலமான வாதம் உண்டு. மத்தேயு கடைசியில மூணு பேரையும் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னாலும், 'நாமம்'ங்கறது ஒருமை. அப்போஸ்தலர் புத்தகத்துல ஞானஸ்நானம் எல்லாம் இயேசுவின் நாமத்துல நடக்குது. சீடர்களுக்குத் தப்பாப் புரிஞ்சிருக்குமா? 1913ல லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல நடந்த ஒரு பெந்தெகொஸ்தே முகாம்ல இந்தக் கேள்விதான் தீ வச்சுச்சு. 1916ல அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் திரித்துவத்தைக் கட்டாயமாக்கினப்போ நூத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினாங்க. அந்தப் பிளவோட ஒரு கிளைதான் சுத்திச் சுத்தி எங்க ஊர்ப் பத்திரிகையில வந்து நிக்குது.

காவிரியில் கொஞ்சம் மேலே

இந்துவா வளர்ந்தவங்க இதுவரை கேட்டுட்டு, 'நம்ம மும்மூர்த்தி மாதிரிதானே'ன்னு நினைச்சிருப்பீங்க. எங்க ஊர்ல இருந்து காவிரியோட மேல போனா, திருச்சியைத் தாண்டி, குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில 'சாந்திவனம்'னு ஒரு ஆசிரமம் இருக்கு. 1950ல மோன்ஷனேன், லெ சோன்னு ரெண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் காவி கட்டிக்கிட்டு ஆரம்பிச்சது. அதோட இன்னொரு பேரு சச்சிதானந்த ஆசிரமம். சத் பிதா, சித் குமாரன், ஆனந்தம் ஆவி. இந்த யோசனையை அவங்களுக்கு முன்னாடியே வங்காளத்துல பிரம்மபாந்தவ் உபாத்யாய் 1898ல சமஸ்கிருதப் பாட்டாவே எழுதிட்டார். சாந்திவனத்துக் கோபுரத்துல திரித்துவம் மூணு முக உருவமா இருக்கும். இந்துக்கள்ல சிலருக்கும் பிடிக்கல, கிறிஸ்தவர்கள்ல சிலருக்கும் பிடிக்கல.

அழகான முயற்சிதான். ஆனா நம்ம மூணு நிபந்தனையில வச்சுப் பாருங்க. மும்மூர்த்தின்னா படைக்கறது, காக்கறது, அழிக்கறதுன்னு வேலையைப் பிரிச்ச மாதிரி ஆகும். சத், சித், ஆனந்தம் ஒரே பொருளோட மூணு தன்மை. ஒரு தன்மை இன்னொரு தன்மைகிட்ட ஜெபிக்காது. மூணாவது நிபந்தனை நழுவுது. லெ சோ தன் அத்வைத அனுபவத்துக்கும் திரித்துவத்துக்கும் நடுவுல பல வருஷம் தவிச்சதை டைரியில எழுதி வச்சிருக்கார். சுலபமான விடை அவருக்கும் கிடைக்கல.

அப்போ சண்டை எதைப் பற்றி?

நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். அடிப்படைக் கேள்வி, இயேசுகிட்ட போற மனுஷனுக்கு எதிர்ல நிக்கறது யாரு?

திரித்துவக்காரங்களுக்கு, சிலுவையில கஷ்டப்பட்டது கடவுளே. வேற யாரையோ அனுப்பிட்டு அவர் மேல உட்கார்ந்திருக்கல. உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே கடவுளுக்குள்ள அன்பு இருந்துச்சு, ஏன்னா அன்பு காட்ட ஆள் இருந்துச்சு. 'ஜீசஸ் ஒன்லி'காரங்களுக்கு, நான் கூப்பிடற பெயருக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு பேர் காத்திருக்கல. இயேசுன்னு சொன்னா கடவுள் மொத்தமும் அதுல வந்துடுச்சு. யூனிட்டேரியனுக்கு, இயேசு எங்களை மாதிரி மனுஷன், அதனாலதான் அவர் நடந்த வழியில எங்களாலயும் நடக்க முடியும். கடவுளோட இடத்துல யாரையும் வைக்காம இருக்கறதுதான் அவங்களுக்கு மரியாதை. மூணு பேருமே எதையோ காப்பாத்தத்தான் பார்க்கறாங்க.

மறு ஞானஸ்நானமும் பழைய கேள்விதான். 250களிலேயே கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனும் ரோம் ஆயர் ஸ்தேவானும் இதுக்காக மோதினாங்க. மாற்றுக் கொள்கைக்காரங்க கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா? செல்லாதுன்னார் சிப்ரியன். செல்லும்னார் ஸ்தேவான். நிசேயா சங்கம், திரித்துவத்தை ஏத்துக்காத ஒரு பிரிவுக்கு மறுபடியும் கொடுக்கச் சொல்லுச்சு, வேற ஒரு பிரிவுக்கு வேண்டாம்னுச்சு. இன்னைக்குக் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் ஒருத்தரோட ஞானஸ்நானத்தை ஒருத்தர் ஏத்துக்கறாங்க, ஆனா மூணு பேரையும் சொல்லிக் கொடுத்திருக்கணும். அந்த பாஸ்டர் புதுசா எதையும் கிளப்பல. 1,700 வருஷ வழக்கு அது.

இதையெல்லாம் பொண்ணோட அப்பாகிட்ட சொன்னேன். பொறுமையாக் கேட்டார். கடைசியில நான் ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, மாப்பிள்ளை உங்க சபைக்கு வந்தா, அவன் எடுத்த ஞானஸ்நானத்தை உங்க பாஸ்டர் ஏத்துப்பாரா?"

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "மாட்டாரு தம்பி. திரும்ப எடுக்கத்தான் சொல்லுவாரு"ன்னார். பிறகு அவரே சொன்னார், "அந்தப் பையனும் அன்னைக்கு அழுதுருப்பான்ல?"

பொண்ணுகிட்டயும் பேசினேன். அது சொன்னது, "மூணா ஒண்ணான்னு எனக்கு வாதாடத் தெரியாதுண்ணா. அன்னைக்கு ஆத்துல நான் யாரைக் கூப்பிட்டேன்னு எனக்குத் தெரியும். அதைத் தெரியாத மாதிரி இன்னொரு தடவை இறங்க என்னால முடியாது."

நண்பன் அதுக்கு மேல அவளைக் கேட்கல. பாஸ்டர்கிட்ட போய், அவ எடுக்க மாட்டா, நானும் கேட்க மாட்டேன்னு சொல்லிட்டான். நான் கல்யாணத்தை நடத்திக் கொடுக்க முடியாது, வந்து ஜெபம் மட்டும் பண்றேன்னு பாஸ்டர் சொல்லியிருக்கார். அவருக்கு அவரோட மனசாட்சி. கல்யாணத்தைப் பொண்ணு வீட்டு பாஸ்டர் நடத்தறார். நண்பனோட அம்மாவுக்கு இதுல வருத்தம் இருக்கு. அது இன்னும் தீரல.

பத்திரிகை நேத்து அச்சாகி வந்துச்சு. உச்சியில 'தேவனுக்கே மகிமை'ன்னு மட்டும் இருக்கு. அந்தத் தேவன் எத்தனை பேர்னு பத்திரிகை சொல்லல. ரெண்டு அப்பாக்களும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டுத் தலையாட்டினாங்க. கவர்ல விலாசம் எழுதற வேலை என் தலையில விழுந்திருக்கு, முந்நூறு பத்திரிகை.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க வீட்டுல, உங்க சபையில இந்த மாதிரி நடந்திருந்தா எழுதி அனுப்புங்க, ஊர் பேர் சபை பேர் எதுவும் வேண்டாம். அடுத்த எபிசோடுல பார்க்கலாம். வணக்கம்.